கல்லூரியில் ஒரு வருடமா, நான்கு வருடமா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போகும் முன் கல்லூரியில் எவ்வளவு காலம் ஆடலாம்? இந்தக் கேள்விக்கு அதன் நட்சத்திரங்களான கெவின் டுரான்ட்டையும் டிம் டங்கனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

டுரான்ட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே சீசன் ஆடினார். பள்ளி முடித்த கையோடு லீக்கில் சேர முடியாது என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. ஆட்டத்துக்கு 25.8 புள்ளி எடுத்தவரை 2007 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், இரண்டாவதாக சியாட்டில் அணி எடுத்தது. அதற்கு முந்தைய உடல்தகுதிச் சோதனையில், பெஞ்சில் படுத்து 84 கிலோ எடையை ஒரு தடவைகூட அவரால் தூக்க முடியவில்லை. உடம்பு அப்புறம்தான் தேறியது.

டங்கன் கதை வேறு. கரீபியனில் உள்ள செயின்ட் குரோய் தீவில் நீச்சல் வீரராக வளர்ந்தவர். 1989இல் ஹியூகோ புயல் நீச்சல்குளத்தை அழித்த பிறகுதான் பந்தைக் கையில் எடுத்தார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி பட்டம் வாங்கினார். 1997 டிராஃப்டில் முதல் ஆளாக சான் அன்டோனியோ அணி எடுத்தது. இரண்டே வருடத்தில் சாம்பியன்!

அபாரத் திறமை இருந்தால் ஒரு வருடம் போதும், சரி. காயம் வந்தால் கிடைக்க வேண்டிய சம்பளமே போய்விடும் என்ற பயமும் நியாயம்தான். ஆனால் 2021 முதல் கல்லூரி வீரர்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். தாமதமாக ஆட்டத்துக்கு வந்த பையன் என்றால், நான் டங்கன் வழியைத்தான் சொல்வேன்.