ஈர நிலத்துக்குப் பூச்சு விற்றவர்

கோடையில் குடிபுகுந்தோம். கிளிநொச்சியில் வயல்காணிக்கு அருகே, தாழ்ந்த நிலத்தில் வீடு. ஐப்பசி மழை தொடங்கி இரண்டு கிழமைக்குள் அறையின் கொங்கிறீட் நிலத்தில் நடுவே கறுத்த திட்டுகள் எழுந்தன. அம்மாவின் பாயைத் தூக்கினால் அடியில் பூஞ்சணம். அரிசி மூட்டையின் அடியும் மக்கிப்போயிருந்தது.

"தம்பி, புதுக் கொங்கிறீட் வியர்க்கும்" என்றார் வீட்டைக் கட்டித் தந்த ஒப்பந்தகாரர். அடுத்த மாரியிலும் அது வியர்த்தது. அப்போது அவரே நீர்காப்புப் பூச்சு ஒன்றை இரண்டு தடவை அடித்து 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். மார்கழியில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. ஒன்றைக் குத்திப் பார்த்தேன், தண்ணீர் கசிந்தது. மேலே பிளாஸ்டிக் கார்ப்பெட் விரித்து மறைத்துவிடலாம் என்று அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். நானும் விரித்தேன்; புத்தி அவ்வளவுதான். பிறகு வீடு முழுவதும் புழுங்கல் நாற்றம்.

புதுக்குடியிருப்பிலிருந்து வந்த முதிய மேசன் ஒருவர் கார்ப்பெட்டை எடுக்கச் சொன்னார். பூச்சு உரிந்த இடத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, ஒரு நாள் விட்டுவைத்தார். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த நிலத்தில் படிவதென்றால் பொலித்தீனின் மேற்பக்கம் நனைந்திருக்கும். மறுநாள் மேற்பக்கம் காய்ந்து கிடந்தது. அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். மண்ணிலிருந்துதான் ஏறுகிறது.

மூலையில் வெட்டிப் பார்த்தோம். அடியில் கல் இல்லை, மண்ணின் ஈரத்தை மறிக்கும் பொலித்தீன் இல்லை. வெறும் மண்ணின் மேல் இரண்டரை அங்குலக் கொங்கிறீட், திரி எண்ணெயை உறிஞ்சுவது போல ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். நான்கு அங்குலக் கொங்கிறீட், ஆயிரம் கேஜ் தடிப்புப் பொலித்தீன், கல் நிரப்பு: மூன்றுக்கும் காசு எழுதியிருந்தது. கேட்டால், "வேலையாட்கள் மறந்திருப்பார்கள்." பொலித்தீன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் எனக்குப் பூச்சு விற்றிருக்கிறார். இப்போது அழைப்பை எடுப்பதில்லை.

நிலத்தை உடைத்துவிட்டோம். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி துடைத்தால் தூளாகப் பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினோம். கல் இறுக்கி, மேலே மணல் பரப்பி, பொலித்தீனை ஓரடி மேற்பொருந்த விரித்து, சுவரோரம் மேலே மடித்தார்கள். இம்முறை கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கொங்கிறீட் கொட்டுமுன் படமும் எடுத்தேன். நீங்களும் எடுங்கள், அதற்குப் பிறகே அடுத்த தவணைக் காசைக் கொடுங்கள். வெளியே வீட்டின் உள்நில மட்டத்துக்கு ஏறியிருந்த மண்ணை அரையடி கீழே வழித்து, பீலித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பியாயிற்று.

மாபிள் இப்போதைக்கு இல்லை. நல்ல காற்றோட்டத்தில் ஓர் அங்குலக் கொங்கிறீட் காய ஏறத்தாழ ஒரு மாதமாகும் என்பது மேசன்மார் கணக்கு. ஒட்டுமுன் பொலித்தீனை இன்னொரு தடவை ஒட்டிப் பார்க்கப் போகிறேன். அதுவரை அரிசி மூட்டை பலகை மேல்தான்.