இரண்டு சர்வர், ஒரு ஃபோல்டர்: டிஎஃப்எஸ்ஸோடு சில வருடங்கள்

மயிலாப்பூரிலும் வேளச்சேரியிலும் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். 2019 கடைசியில் இடத்துக்கு ஒரு விண்டோஸ் சர்வர் வைத்து, கிளையன்ட் ஃபோல்டர்களை டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனில் போட்டேன். ஒரே ஃபோல்டரின் நகலை இரண்டு சர்வரிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் விண்டோஸ் வசதி அது. சர்வர் லைசென்ஸோடு வருவதால் தனிச் செலவு கிடையாது. எல்லாருக்கும் ஒரே பாதை, பின்னால் எந்த சர்வர் என்று யாரும் யோசிக்க வேண்டாம். பெரிய ஃபைலில் சின்னத் திருத்தம் என்றால் மாறிய பகுதி மட்டும்தான் போகும், அதனால் சுமாரான லைனிலேயே ஓடியது. கொரோனா காலத்தில் பாதிப் பேர் வீட்டில் இருந்ததால் குறைகளும் கண்ணில் படவில்லை.

முதல் அடி 2022 செப்டம்பரில், வரித் தணிக்கை நெரிசலில் விழுந்தது. வேளச்சேரியில் ஆர்ட்டிகிளாக (சி.ஏ. பயிற்சியில்) இருக்கும் பெண் காலையில் போன் செய்தார். "அண்ணா, நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து போட்ட தேய்மானக் கணக்கைக் காணோம். ஃபைல் இருக்கு, உள்ளே பழைய நம்பர்தான் இருக்கு."

நடந்தது இதுதான். மயிலாப்பூரில் ஒரு சீனியர் அதே எக்செல் ஃபைலை மாலையிலேயே திறந்து, அப்படியே மினிமைஸ் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒரே சர்வராக இருந்திருந்தால் 'இன்னார் திறந்து வைத்திருக்கிறார்' என்று அந்தப் பெண்ணுக்கு எக்செல் சொல்லியிருக்கும். டிஎஃப்எஸ் ஃபைலைத்தான் நகலெடுக்கும், பூட்டை நகலெடுக்காது. எக்செல் பக்கத்தில் உருவாக்கும் அந்தக் குட்டி அடையாள ஃபைலும் போகாது. நெளிகோட்டில் தொடங்கும் பெயர்களையெல்லாம் விட்டுவிடுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. இரவு பதினொன்றுக்கு அந்தப் பெண் மூடிய ஃபைல் மயிலாப்பூருக்குக் கிளம்பியது, அங்கே அது திறந்தே இருந்ததால் உள்ளே போக முடியாமல் நின்றது. காலையில் சீனியர் வந்து ஒரே ஒரு செல்லைத் திருத்திச் சேமித்தார். கடைசியாகச் சேமித்தவருக்கே வெற்றி என்பது இதன் விதி. ஒரு செல் ஜெயித்தது, ஓர் இரவு வேலை தோற்றது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம், இருவரில் ஒருவருக்கும் ஒரு எச்சரிக்கைகூட வராது என்பதுதான். நிகழ்வுப் பதிவில் 4412 என்ற எண்ணோடு ஒரு வரி விழும், அவ்வளவுதான். தோற்ற ஃபைல் ஒரு மறைவான ஃபோல்டருக்குள் பெயர் மாறிக் கிடக்கும். அசல் பெயரும் பாதையும் கூடவே இருக்கும் ஓர் எக்ஸ்எம்எல் பட்டியலில் இருக்கும். அந்த ஃபோல்டர் ரெப்ளிகேட் ஆகாது, ஆகவே இரண்டு சர்வரிலும் தேட வேண்டும். அதற்கு வழக்கமான அளவு 4 ஜிபி. 90 சதவீதம் நிரம்பினால் பழையவற்றை அழித்து 60-க்குக் கொண்டுவந்துவிடும். அன்று ஃபைல் கிடைத்தது அதிர்ஷ்டம். அளவை அன்றே 20 ஜிபி ஆக்கினேன்.

அப்புறம் அமைப்பையும் மாற்றினேன். இரண்டு பக்கமும் எழுதுவது வேண்டாம், எல்லாரும் வேளச்சேரி சர்வருக்கே போகட்டும், அது படுத்தால் மட்டும் மயிலாப்பூர். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பெரிய ஃபைல் திறக்கக் கொஞ்சம் நேரமாகிறது, முணுமுணுப்பார்கள். ஆனால் 'இன்னார் திறந்து வைத்திருக்கிறார்' என்ற செய்தி திரும்ப வந்தது. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டாவை முதலிலிருந்தே இதில் சேர்க்கவில்லை. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் எதுவும் இதற்கு ஆகாது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, சர்வர் பொத்தென்று நின்றது. ஃபெயில்ஓவர், அதாவது ஒரு சர்வர் நின்றால் மற்றதற்கு மாறுவது, சொன்னபடி நடந்தது. நெட் கிடைத்தவர்கள் விபிஎன்னில் வந்தபோது விண்டோ சில நொடி உறைந்து, பிறகு மயிலாப்பூர் ஃபோல்டர் திறந்தது. 15-ஆம் தேதி முன்கூட்டிய வரி கட்ட வேண்டும் என்பதால் அந்த வாரமும் வேலை நிற்கவில்லை.

சிக்கல் திரும்பி வந்தபோது. வெள்ளிக்கிழமை வேளச்சேரி சர்வரை ஆன் செய்தேன். பழைய டார்கெட் (முதலில் போக வேண்டிய சர்வர்) வந்ததும் அதற்கே திரும்பு என்ற டிக்கை நான்தான் போட்டிருந்தேன். லேப்டாப்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால் சர்வர் முறையாக அணையாததால் அங்கே ரெப்ளிகேஷன் 2213 என்ற நிகழ்வைப் பதிந்துவிட்டு, கையால் தொடங்கச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் பலர் டிசம்பர் 2 சனிக்கிழமை நிலவரத்திலிருந்த ஃபைல்களைத் திறந்து, எண்களைச் சேர்த்து, சேமித்துவிட்டார்கள். ரெப்ளிகேஷனைத் தொடக்கியதும் வெள்ளிக்கிழமை சேமித்ததே கடைசி என்று கணக்காகி, வார வேலை முழுவதும் மறைவு ஃபோல்டருக்குப் போனது. 17 ஃபைல். ஒவ்வொன்றையும் எடுத்து, இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்து, ஆர்ட்டிகிள் பசங்களோடு உட்கார்ந்து சேர்க்க ஞாயிறு மாலை வரை ஆனது.

அன்றோடு அந்த டிக்கை எடுத்துவிட்டேன். வேளச்சேரி சர்வர் நின்றால், திரும்ப ஆன் செய்வதற்கு முன்பே நேம்ஸ்பேஸில் (அந்த ஒரே பாதையை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற அமைப்பில்) அந்த டார்கெட்டை முடக்கிவிடுவேன். வந்ததும் பேக்லாக், அதாவது இன்னும் போய்ச் சேராத ஃபைல்களின் எண்ணிக்கையை இரண்டு திசையிலும் பார்ப்பேன். பூஜ்யம் ஆன பிறகுதான் திறப்பேன். எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற ஃபோல்டர் பரிந்துரையை லேப்டாப்கள் அரை மணி நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால் அந்த அரை மணியையும் கணக்கில் சேர்க்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் என்னைக் கேட்டால், இரண்டு இடத்தில் ஒரே எக்செல்லைத் திருத்தும் அலுவலகத்துக்கு, ஒரே ஃபைலைப் பலர் சேர்ந்து திருத்தவிடும் ஷேர்பாயின்ட் போன்றதையே சொல்வேன். நாங்கள் இன்னும் இதிலேயே இருக்கிறோம். போன மாதம் யுபிஎஸ் பேட்டரி மாற்ற சர்வரை அணைத்தோம். திரும்ப ஆன் செய்தபோது பேக்லாக் 312. பூஜ்யத்துக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் மேனேஜர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "சர்வர் லைட்டு எரியுதே, இன்னும் என்ன?" என்றார். "இன்னும் 41 இருக்கு சார்" என்றேன்.