வீட்டு லோனை முன்கூட்டி அடைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கையில் மொத்தமாக ஒரு தொகை வந்து, அதை வீட்டு லோனில் போடுவதா, டெபாசிட்டில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் வங்கிக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்துப் பணம் ஐந்து லட்சம் லோனுக்கும் போகவில்லை, டெபாசிட்டுக்கும் போகவில்லை. பங்குச் சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீடான ஒரு யூலிப் பாலிசிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் குறைந்துபோன பழைய மரங்களை வெட்டித் தடிக்கு விற்ற பணம் அது. புதிதாக வைத்த கன்றுகளில் பால் வெட்ட ஏழு வருடமாவது ஆகும். அதுவரை அந்த மண்ணிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதனால் வீட்டில் பெரிய தர்க்கம். லோனில் போட்டால் வட்டி மிச்சம் என்று நான். "எனக்க பைசா எனக்க கையில இருக்கணும் மக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தா, லோன்ல கெட்டுன பைசாவை பேங்க்காரன் திருப்பித் தருவானா?" என்று அப்பா. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மூன்று லட்சம் லோனுக்கு, இரண்டு லட்சம் அப்பா பெயரில் எஃப்.டி. என்று பேசி முடித்துவிட்டுத்தான் வங்கிக்குப் போனோம்.

அங்கே இருந்த அதிகாரி எங்களை உள்ளே உட்காரவைத்தார். "லோனை இப்போ அடைச்சு என்ன சார் லாபம்? ஐயா, உங்க ரெண்டு லட்சத்தையும் சேத்துப் போடுங்க. நம்ம பேங்க் ஸ்கீம்தான். பன்னிரண்டு சதவீதம் வரும், வரியே கிடையாது, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்" என்றார். எழுதித் தரச் சொன்னோம். பிரிண்டர் வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். பிறகு பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினார். ஒரு போன் வரும், கேட்பதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், சும்மா ஒரு சரிபார்ப்புதான் என்றார். வாட்ஸ்அப்பில் எதுவும் வரவில்லை.

அடுத்த பிரீமியம் ஐந்து லட்சம் கட்ட வேண்டும் என்று மெசேஜ் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஐந்து வருடம், வருடத்துக்கு ஐந்து லட்சம்! கேட்டு வாங்கிய விண்ணப்ப நகலில் என் தொழில் 'வியாபாரம்' என்றும், வருமானம் நான் கனவிலும் பார்க்காத தொகையாகவும் இருந்தது. மின்னஞ்சல் முகவரி என்னுடையதே இல்லை. பாலிசிப் பத்திரம் அந்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது. கிளைக்குப் போனால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் "கையெழுத்து உங்களோடதுதானே?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

இனி பிரீமியம் கட்டாமல் விட்டால், ஒரு பிடித்தம் போக மீதியைத் தனியாக ஒரு நிதியில் போட்டு வைப்பார்கள். அதற்கு உறுதியான வட்டி 4 சதவீதம்தான். அதையும் ஐந்து வருடப் பூட்டுக் காலம் முடிந்தபிறகுதான் தொட முடியும். இந்தப் பக்கம் லோனுக்கு 9 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வரி இல்லை என்றதும் பொய். 2021 பிப்ரவரி 1 முதல் எடுக்கும் யூலிப்பில் ஆண்டுப் பிரீமியம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், முதிர்வில் வரும் லாபத்துக்கு வரி உண்டு.

அந்த மூன்று லட்சம் லோனுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு எரிந்தது. 15 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்கே 11,250 போய்விடும். ஆரம்பத்திலேயே மூன்று லட்சத்தை அசலில் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், கடன் பன்னிரண்டே கால் வருடத்தில் முடிந்துவிடும். ஒன்பதரை லட்சம் வரை வட்டி மிச்சம். அதே மூன்று லட்சத்தைக் கட்டிவிட்டுத் தவணையைக் குறைத்துக்கொண்டால் மிச்சம் மூன்றரை லட்சம்தான். அதனால் "காலத்தைக் குறைக்கவும், தவணை அப்படியே இருக்கட்டும்" என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பிறகு லோன் ஸ்டேட்மென்டில் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அப்பா சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோகிற வீட்டில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் தனியாக இருக்கத்தான் வேண்டும். அது சாதாரண எஃப்.டி.யாக இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. வட்டி குறைவு, அதற்கு வரியும் உண்டு, சரி. ஆனால் அவசரத்துக்கு எடுக்கலாம். ரசீதில் 'டெபாசிட்' என்று இருக்கிறதா, வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். 'பிரீமியம்', 'பிரபோசல்' (காப்பீட்டு விண்ணப்பம்) என்ற சொல் கண்ணில் பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாங்கள் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். விவரம் கேட்க 14448. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255.

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை என்று எந்தப் பக்கமாக இருந்தாலும், டெபாசிட் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அது பாலிசியாக இருந்து, உங்கள் கைக்குக் கிடைத்து முப்பது நாள் ஆகவில்லை என்றால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துச் சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். கிளையில் "அடுத்த வாரம் வாங்க" என்றால் காத்திருக்காமல், காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.