டேம்பரைப் பத்தில் வைக்காதீர்கள்: கான்செப்ட்2 ரோயிங் மெஷின், ஒரு கோச்சின் பார்வையில்

ஜிம்முக்கு ரோயிங் மெஷின் (படகில் துடுப்பு போடுவதைப்போல் உட்கார்ந்து இழுப்பது) வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்து, "டிரெட்மில்லை விடக் கலோரி அதிகம் எரியுமா?" இரண்டுமே முக்கியமான கேள்விகள் இல்லை. கான்செப்ட்2 ரோஎர்க் மெஷினின் உண்மையான மதிப்பு அதன் திரையில் இருக்கிறது. பி.எம்.5 மானிட்டர் ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் சுழல்சக்கரம் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறது. அதனால் 500 மீட்டருக்குச் சென்னையில் ஒருவர் எடுத்த 2:15 நிமிடமும் பாஸ்டனில் ஒருவர் எடுத்த 2:15-ம் ஒன்றுதான். ஒப்பிடத்தக்க எண் கையில் இருந்தால் பயிற்சி கொடுப்பது எளிது. அதே எண்ணைப் போர்டில் எழுதி மாட்டி ஒரு நல்ல கூட்டத்தைக் கெடுப்பதும் எளிது. அந்த இரண்டாவது ஆபத்தையும் சேர்த்துத்தான் இந்த மெஷினை எடைபோட வேண்டும்.

பின்னணி சுருக்கமாக: துடுப்புப் படகு வீரர்களான டிரைசிகாக்கர் சகோதரர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் முதலில் துடுப்பு செய்து விற்றார்கள். 1981-ல் சைக்கிள் சக்கரத்தை வைத்து முதல் மெஷினைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஜிம்காரர்கள் இன்றும் 'மாடல் டி' என்று சொல்வது 2003-ல் வந்த வடிவம். 2021-ல் பெயர் ரோஎர்க் என்று மாறியது. அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

முதலில் டேம்பர். சக்கரக் கூண்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை நகரும் அந்த நெம்புகோலை எல்லோரும் 'ரெசிஸ்டன்ஸ் லெவல்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிற பையன் உட்கார்ந்ததும் கை நேரே அங்கேதான் போகும்; பத்தில் வைத்தால்தான் கெத்து. உண்மையில் அது கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. காற்று அதிகமானால் சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும், அடுத்த இழுப்பு கனமாகும். கனமான படகைத் தள்ளுகிற உணர்வு. உழைப்பு எவ்வளவு என்பதை நெம்புகோல் சொல்லாது, நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்பதுதான் சொல்லும். பத்தில் வைத்துப் பதினைந்து நிமிடம் இழுத்த புதியவருக்குக் கால் களைப்பதற்கு முன்பே கீழ்முதுகு களைத்துவிடும்.

டேம்பர் எண்ணை நம்பாமல், சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்பதைக் காட்டும் டிராக் ஃபேக்டரைப் பாருங்கள். மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' தேர்ந்து சில முறை இழுத்தால் எண் வரும். பொதுவான ஜிம் உறுப்பினருக்கு 100 முதல் 130 போதும். உடல் எடை குறைந்தவர்களுக்கு 90 பக்கம் வைத்தாலும் குற்றமில்லை. ஒரே டேம்பர் எண் இரண்டு மெஷின்களில் இரண்டு டிராக் காட்டும். காரணம் பெரும்பாலும் தூசிதான்: கூண்டின் ஓட்டைகளில் பஞ்சும் தலைமுடியும் அடைத்துக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியே குறைவு என்பதால், சென்னையில் நான்கில் கிடைக்கிற டிராக் அங்கே நான்கில் கிடைக்காது.

அடுத்து நுட்பம். மெஷினை வாங்கிப்போட்டுவிட்டு இதைச் சொல்லித்தராத ஜிம், முதுகுவலியைக் காசு கொடுத்து வாங்குகிறது. கால்பட்டை பாதத்தின் அகலமான பகுதிக்கு மேலே வர வேண்டும். கணுக்கால் பக்கம் ஏறினால் குதிகால் தூக்காது, முன்னே வர முடியாது. முன்னே வந்து நிற்கும் 'கேட்ச்' நிலையில் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு செங்குத்தாக நிற்கட்டும், அதைத் தாண்டிப் போக வேண்டாம். பிறகு கால், உடல், கை என்ற வரிசையில் தள்ளல். கை, உடல், கால் என்ற வரிசையில் திரும்புதல். திரும்பும் நேரம் தள்ளும் நேரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நடப்பது வேறு. பத்துப் பேரில் பெரும்பாலோர் செய்கிற தவறு, திரும்பும்போது கை முழங்காலைத் தாண்டுவதற்கு முன்பே முழங்காலை மடக்கிவிடுவது. பக்கத்தில் நின்று பார்த்தால் ஹேண்டில் ஒரு மேட்டில் ஏறி இறங்கும். செயின் நேர்கோட்டில் போகாமல் அலைபோல் ஆடும். இதற்கு வாயால் திருத்தம் சொல்லிப் பயனில்லை. கை நீட்டி, உடல் சற்று முன் சாய்ந்த நிலையில் ஒரு நொடி நிறுத்தி, அதன் பிறகே முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். இந்த 'பாஸ்' டிரில்லை இருபது இழுப்பு செய்தால் செயின் தானாக நேராகும். இரண்டாவது தவறு, கால் தள்ளும்போது இடுப்பு மட்டும் பின்னே ஓடி, தோளும் ஹேண்டிலும் அங்கேயே நிற்பது. கால் உதைத்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. சக்கரத்தின் ஓசையைக் கேளுங்கள். இருக்கை நகர்ந்த பிறகே 'ஹூஷ்' என்று தாமதமாக எழும். இருக்கையும் ஹேண்டிலும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். மூன்றாவது, பின்னால் மல்லாந்து சாய்வது. கால்பட்டையைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொன்னால் போதும், அதிகம் சாய்ந்தால் கால் கிளம்பிவிடும். மெஷினே வாத்தியார்.

முதல் நான்கு வாரம் ஸ்ட்ரோக் ரேட் (நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு) 18 முதல் 22-க்குள் இருக்கட்டும். தொடக்கத்தில் மூன்று நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. நான்காவது வாரத்தில் தொடர்ந்து இருபது நிமிடம், பேசிக்கொண்டே இழுக்க முடிகிற வேகத்தில். போட்டிக்காரர்களின் 2000 மீட்டர் டெஸ்ட்டைப் புதியவர்களுக்கு வைக்க வேண்டாம்; நான்கு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்பதே அவர்களுக்குப் போதுமான அளவுகோல். இதற்கெல்லாம் முன்னால், பயிற்சிக்கு உடல்நிலை தயாரா என்று விசாரிக்கும் பார்-க்யூ கேள்வித்தாள். கட்டுப்பாட்டில் இல்லாத ரத்தக்கொதிப்பு, டிஸ்க் பிரச்சினை, முழங்கால் அறுவைசிகிச்சை என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும்.

இனி திரையைப் படிப்பது. 500 மீட்டருக்கான நேரத்தை 'ஸ்பிளிட்' என்பார்கள். அதற்கும் வாட்ஸுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, கனமூலக் கணக்கு. 2:30 என்றால் 104 வாட்ஸ். 2:00 என்றால் 203. ஐந்து நொடி குறைப்பது எல்லோருக்கும் ஒரே சாதனை அல்ல: 2:30-லிருந்து 2:25-க்கு வர 11 வாட்ஸ் கூடினால் போதும், 2:00-லிருந்து 1:55-க்கு வர 27 வாட்ஸ் வேண்டும். முதல் மாதம் சரசரவென்று முன்னேறியவர் மூன்றாம் மாதம் தேங்கிப்போய்ச் சோர்ந்து நிற்பார். அவருக்கு ஸ்பிளிட்டை மறைத்து வாட்ஸைக் காட்டினால், முன்னேற்றம் நிற்கவில்லை என்பது அவர் கண்ணுக்கே தெரியும்.

கலோரி எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மானிட்டர் உங்கள் எடையைக் கேட்பதில்லை. வாட்ஸை நான்கால் பெருக்கி, 0.8604-ஆல் பெருக்கி, அதோடு 300-ஐக் கூட்டினால் மணிக்கு இத்தனை கலோரி என்று காட்டுகிறது. அந்த 300, சுமார் 79 கிலோ எடையுள்ள ஒருவருக்கானது. 100 வாட்ஸில் இழுக்கிற எல்லோருக்கும் 644 என்றுதான் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அதே கணக்கில் 571 தான். எடை குறைக்க வந்தவர் திரையில் பார்த்த எண்ணை நம்பி மாலையில் இரண்டு வடையைச் சேர்த்துக்கொண்டால் மெஷின் மேல் பழிபோட முடியாது. குழு வகுப்பில் கலோரித் திரையையே தவிர்த்து மீட்டரில் நடத்துவது நல்லது.

கூட்டம் சேர்க்கிற விஷயத்துக்கு வருவோம். இந்த மெஷினோடு இலவசமாக வருகிற ஆன்லைன் லாக்புக் ஒரு பெரிய சொத்து. எர்க்டேட்டா செயலியை ப்ளூடூத்தில் இணைத்தால் ஒவ்வொரு பயிற்சியும் தானாகப் பதிவாகும். வாழ்நாளில் பத்து லட்சம் மீட்டர் சேர்த்தவர்களுக்கு 'மில்லியன் மீட்டர் கிளப்' உண்டு. அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் நாளிலிருந்து டிசம்பர் 24 வரை நடக்கும் ஹாலிடே சாலஞ்சில் 100 அல்லது 200 கிலோமீட்டர் இலக்கு. ஆர்வக்கோளாறில் புதியவர்கள் 200-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். நான்கு வாரத்தில் அது நாளொன்றுக்கு ஏழு கிலோமீட்டர், ஓய்வு நாளே இல்லாமல். திடீரென்று அவ்வளவு ஏற்றினால் கீழ்முதுகு முரண்டு பிடிக்கும். விலா எலும்பில் அழுத்த முறிவு என்பது பழகிய துடுப்பு வீரர்களுக்கும்கூட வருகிற காயம். நான்கு பேர் சேர்ந்து ஒரு 200-ஐப் பங்கிட்டுக்கொள்வது என்று ஜிம்முக்குள்ளேயே விதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

போர்டில் 'டாப் 10' எழுதுவதைப் பற்றி எங்கள் கருத்து கடுமையானது: வேண்டாம். அந்தப் பட்டியலில் எப்போதும் அதே ஆறு பேர்தான் இருப்பார்கள், அதுவும் உயரமும் எடையும் கூடியவர்கள். மற்றவர்கள் ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஒப்பீடு வேண்டுமென்றால் கான்செப்ட்2 தருகிற எடைத் திருத்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்: உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, 270-ஆல் வகுத்து, அடுக்கு 0.222 போட்டு, வருகிற எண்ணால் நேரத்தைப் பெருக்க வேண்டும். 60 கிலோ பெண் ஒருவர் 2000 மீட்டரை 9:00-ல் முடித்தால் திருத்திய நேரம் 7:41. 90 கிலோ ஆண் 8:30-ல் முடித்தால் 7:56. யார் நன்றாக உழைத்தார் என்று அப்போதுதான் தெரிகிறது. ஆனால் எடையை கோச் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 'அக்கா, உங்க வெயிட் எவ்ளோ?' என்று ஒருவர் கேட்கும் நிலை வந்தால் அந்த அக்கா அடுத்த மாதம் பணம் கட்ட மாட்டார்.

நன்றாக வேலை செய்கிற வகுப்பு அமைப்பு ஒன்று. பன்னிரண்டு பேர், நான்கு மெஷின். மெஷினுக்கு மூன்று பேர். ஒருவர் 250 மீட்டர் இழுக்கிறார், ஒருவர் லேசான எடையில் ஸ்குவாட், ஒருவர் ஓய்வு. 20 நிமிடத்தில் குழு மொத்தம் எத்தனை மீட்டர் என்பதுதான் மதிப்பெண். குழுவை கோச் பிரிக்க வேண்டும். நண்பர்கள் தாங்களே பிரித்துக்கொண்டால் வேகமானவர்கள் ஒரே மெஷினில் ஒட்டிக்கொள்வார்கள். ரேட் 26-ஐத் தாண்டினால் அந்த 250 கணக்கில் சேராது என்று விதி வையுங்கள். போட்டிச் சூட்டில் முதலில் உடைவது நுட்பம்தான். இந்த விதி இருந்தால் 'அண்ணா, மெதுவா, நீட்டி இழுங்க' என்று குழுவில் இருப்பவர்களே ஒருவரையொருவர் திருத்துவார்கள். கோச்சுக்குத் தொண்டைத்தண்ணீர் மிச்சம்.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம்; நான்கு மெஷின் ஒன்றாக ஓடினால் பாட்டும் கேட்காது, கோச்சின் குரலும் கேட்காது. நீளம் 244 செ.மீ. இரண்டாகப் பிரித்து ஓரமாக நிறுத்தலாம் என்றாலும், பயன்படுத்த ஒன்பதுக்கு நான்கு அடி இடம் வேண்டும். இருக்கை உயரம் வெறும் 36 செ.மீ. ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ளவர்கள் உட்காரலாம், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். அதே மெஷின் உயரமான கால்களோடு 51 செ.மீ. இருக்கையில் கிடைக்கிறது. மூத்தவர்கள் அதிகம் வரும் ஜிம் என்றால் ஒன்றாவது அந்த வகையில் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பராமரிப்பு குறைவு, ஆனால் தவிர்க்க முடியாதது. இருக்கை ஓடும் தண்டவாளத்தைத் தினமும் துடைக்க வேண்டும்; வியர்வையும் தூசியும் கலந்து கறுப்பாகப் படிந்தால் இருக்கை தடதடக்கும். 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை, பேப்பர் டவலில் ஒரு டீஸ்பூன் மினரல் எண்ணெய் விட்டு செயினை நீளமாகத் துடைத்து, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, அது எண்ணெய் அல்ல, கரைப்பான். கடற்கரைப் பக்கம் உள்ள ஜிம்களில் இந்த 50 மணி நேரத்தை 30 ஆக்கிக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்ததும் ஹேண்டிலை நடுக் கொக்கியில் மாட்டி வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அப்படி வைத்தால் ஹேண்டிலைத் திரும்ப இழுக்க உள்ளே இருக்கும் மீள்கயிறு எப்போதும் நீண்டே கிடந்து தளர்ந்துபோகும். செயின் வெளிவரும் இடம் வரை ஹேண்டிலை விட்டுவிட வேண்டும்.

பழைய மெஷின் வாங்குவது நல்ல யோசனைதான், சரியாகப் பார்த்து வாங்கினால். மானிட்டர் காட்டும் மொத்த மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், மானிட்டரை மாற்றிப் போட்டிருக்கலாம். செயினை முழுக்க வெளியே இழுத்து ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பாருங்கள், இறுகி நிற்கும் கண்ணி இருந்தால் துரு உள்ளே போய்விட்டது. இழுத்த ஹேண்டிலைக் கையில் பிடித்தபடியே மெதுவாக விடுங்கள். கடைசி ஒரு அடியில் சோம்பலாகத் திரும்பினால் கயிற்றை இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். டேம்பரைப் பத்தில் வைத்து டிராக் பாருங்கள். 200-க்கு மேல் வராவிட்டால் பெரும்பாலும் கூண்டில் தூசிதான். அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசலாம், வீட்டுக்கு வந்து வாக்யூம் போட்டால் சரியாகிவிடும்.