ருக்‌ஷானா மீடியா: ஆப்கன் பெண்களுக்கான செய்தித் தளம் பற்றி ஒரு மதிப்பீடு

தாலிபான் புதிதாக ஒரு தடையை அறிவிக்கும் நாளிலும் அதையடுத்த ஓரிரு நாள்களிலும் மட்டுமே ஆப்கானிஸ்தான் பெண்கள் உலக ஊடகங்களின் கண்ணில் படுகிறார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களில் பெண்கள் படிப்பது தடுக்கப்பட்டபோதும், 2023 ஜூலையில் அழகு நிலையங்கள் மூடப்பட்டபோதும், 2024 ஆகஸ்டில் பெண்ணின் குரலையே பொது இடத்தில் மறைக்கப்பட வேண்டியதாக்கிய சட்டம் வந்தபோதும் இதைத்தான் கண்டோம். கடையை மூடியவர் அதன்பின் எதைக் கொண்டு அடுப்பெரிக்கிறார், படிப்பு நின்ற பெண்ணுக்கு வீட்டில் எப்போது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள் என்பவற்றை அறிய விரும்புவோருக்கு ருக்‌ஷானா மீடியாவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பத்திரிகையாளர் ஸஹ்ரா ஜோயா 2020இல் தம் சொந்தச் சேமிப்பைப் போட்டுக் காபூலில் தொடங்கிய தளம் இது. ஆப்கனின் சிறுபான்மை இனமான ஹஸாரா சமூகத்தைச் சேர்ந்த அவர், தாலிபானின் முதல் ஆட்சிக் காலத்தில் ஆண்பிள்ளை உடை அணிந்து, முகமது என்ற பெயரில் பள்ளிக்குப் போனவர். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபின் லண்டனுக்குச் சென்று, அங்கிருந்தபடியே தளத்தை நடத்தி வருகிறார். தளத்தின் பெயர், 2015இல் கோர் மாகாணத்தில் கல்லெறிந்து கொல்லப்பட்ட இளம்பெண்ணுடையது. விருப்பமில்லாத திருமணத்திலிருந்து தப்பித் தம் வயதொத்த ஒருவருடன் சென்றதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். உடன் சென்ற ஆணுக்குத் தண்டனை சாட்டையடியோடு முடிந்தது.

ஆப்கனில் பேசப்படும் தாரி மொழியிலும் ஆங்கிலத்திலும் செய்திகள் வருகின்றன. நாட்டுக்குள்ளிருந்து மறைவாக எழுதும் பெண்களே இதன் பலம் என்பதால், வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதும் கட்டுரைகளில் தென்படும் இரக்கத் தொனி இவற்றில் குறைவு. கட்டாயத் திருமணம், குடும்ப வன்முறை, தற்கொலை, சிறையில் நேரும் கொடுமை ஆகியவற்றை அலங்காரமின்றிச் சொல்கிறார்கள். என் கணக்கில் இதுவே தளத்தின் தலைசிறந்த பண்பு.

குறை இல்லாமல் இல்லை. பேசுவோரின் பெயர்கள் பாதுகாப்புக்காக மாற்றப்படுவதால், ஒரு செய்தியில் சந்தித்தவரை இன்னொன்றில் தொடர்ந்து அறிய வழியில்லை. தனி ஒருவரின் வாக்குமூலத்தை மட்டுமே நம்பி நிற்கும் கட்டுரைகளை வாசகர் பிற தகவல்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அந்த நாட்டில் இதைவிட வேறு எப்படிச் செய்தி சேகரிப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தொடர்ந்து படித்தால் துயரம் ஒரே சுருதியில் ஒலித்து அலுப்பூட்டுவதும் உண்மைதான். எனவே ஒரே மூச்சில் படிக்க உட்கார வேண்டாம்.

நன்கொடையை நம்பி நடக்கும் தளம் இது. கல்லூரியில் இதழியல் படிப்போரும், நம் பத்திரிகைகளில் உலகச் செய்திப் பக்கத்தைக் கவனிக்கும் துணையாசிரியர்களும் பெரிய நிறுவனங்களின் செய்தியைப் பெயர்த்துப் போடுமுன் இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மாகாணப் பெயர்கள் அடிக்கடி வரும் என்பதால் பக்கத்தில் ஒரு நிலப்படத்தை வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.