டிரெய்லர் இழுக்கும் பிக்கப்பிற்கு 33 அங்குல டயரா, 35 அங்குல டயரா?

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே வரும் 275/65 ஆர் 18 டயரின் விட்டம் ஏறத்தாழ 32 அங்குலம். கொலராடோவில் வசித்துக்கொண்டு, சாமான்களோடு 6,500 பவுண்டை நெருங்கும் ஒரு பயண டிரெய்லரை இழுக்கும் எனக்கு, அந்த டயர்கள் தேய்ந்தபோது மூன்று வழிகள் இருந்தன: அதே அளவில் கனமான எல்டி வகை (‘லைட் டிரக்’, அதாவது சுமை வண்டிகளுக்கான டயர்), 33 அங்குலம் வரும் 275/70 ஆர் 18, அல்லது கடையில் வற்புறுத்திய 35 அங்குலம். நான் தேர்ந்தெடுத்தது 33.

தோற்றத்தில் 35 அங்குல டயரை மிஞ்ச முடியாது என்பதை ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடலாம். தரை இடைவெளியில் விட்டத்தின் வித்தியாசத்தில் பாதிதான் கிடைக்கும் என்பதால், 33-இல் அரை அங்குலமும் 35-இல் ஒன்றரை அங்குலமும் கூடும். கரடுமுரடான பாறைப் பாதைகளில் அந்த ஒன்றரை அங்குலத்துக்கு மதிப்புண்டு. ஆனால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறவர்கள் அரிது.

என் முடிவைத் தீர்மானித்தது ஆக்சிலின் கியர் விகிதம். என் வண்டியில் அது 3.55; அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, எஞ்சின் பக்கமிருந்து வரும் இயக்கத்தண்டு 3.55 முறை சுழலும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடுகிறது. அந்த அளவுக்குத் தரையைத் தள்ளும் விசை குறைகிறது. கணக்கிட்டால், 33 அங்குலத்தில் என் 3.55 நடைமுறையில் 3.43 ஆகவும், 35 அங்குலத்தில் 3.25 ஆகவும் இறங்கிவிடும். இதே வண்டி 3.31 விகிதத்திலும் விற்கப்பட்டது. அதே எஞ்சின் இருந்தும் அந்த வண்டிகளுக்கு நிறுவனம் குறைவான இழுவை எடையையே அனுமதித்தது. ஆகவே 35 அங்குல டயரை மாட்டுபவர், காசு கொடுத்து வாங்கிய 3.55-ஐக் கைவிட்டு 3.31-க்கும் கீழே போகிறார். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் வண்டி விவர ஸ்டிக்கரில் எதுவும் மாறாது என்பதால் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

3.55-லிருந்து 3.25-க்கு இறங்குவது ஏறத்தாழ எட்டு சதவீத இழப்பு. சமவெளியில் அதைப் பத்து கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி சமாளித்துவிடும். ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடிக்கும் மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது கதை வேறு. அங்கே சில இடங்களில் சரிவு ஏழு சதவீதத்தைத் தொடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் வீதம் ஏற்கெனவே வலுவை இழந்திருக்கும். அந்த நிலையில் மேலும் எட்டு சதவீதம் போனால், கியர்ப் பெட்டி ஒரு கியரில் நிலைக்காமல் ஏறியிறங்கிக்கொண்டே எண்ணெயைச் சூடாக்கும். 33 மாட்டிய என் வண்டி பெரும்பாலும் முன்பு ஏறிய அதே கியரிலேயே ஏறுகிறது. நண்பரொருவரின் 35 அங்குல வண்டியை நான் இலகுவான டிரெய்லரோடு மட்டுமே ஓட்டியிருக்கிறேன் என்பதால், முழுச் சுமையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு என்னிடமிருப்பது கணக்கு மட்டுமே, அனுபவம் அன்று.

எல்லோரும் ஏற்றத்தையே பேசுகிறார்கள். எனக்கு இறக்கம்தான் பெரிய கவலை. எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்கும்போதும் அதே விகிதம்தான் வேலை செய்கிறது என்பதால், அந்த எட்டு சதவீதம் அங்கும் குறைந்து, பிரேக்குகள் கூடுதலாக உழைக்க வேண்டியதாகிறது. 35 அங்குல எல்டி டயர், கம்பெனி டயரைவிட ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்கு மேல் கனமாக இருப்பது வழக்கம்; சுழலும் அந்த எடையையும் அதே பிரேக்குகள்தான் நிறுத்தியாக வேண்டும்.

வேகமானியைத் திருத்தாவிட்டால், 35 அங்குலத்தில் அது 60 மைல் காட்டும்போது வண்டி 65-ல் ஓடும். டிரெய்லர்களில் வரும் எஸ்டி வகை டயர்களில் பல 65 மைலுக்கே மதிப்பிடப்பட்டவை என்பதால், இதை அலட்சியப்படுத்த முடியாது. 33-இலும் இரண்டு மைல் வித்தியாசம் உண்டு, திருத்திக்கொள்வதே நல்லது.

சுமை தாங்குவதில் 33-க்கும் 35-க்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் கனமான சுமைக்கான ‘இ’ வகுப்பில் கிடைக்கின்றன. ஆனால் எல்டி டயர் அதே எடையைத் தாங்கக் கம்பெனி டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். பழைய 35 பிஎஸ்ஐயிலேயே விட்டால் வாங்கிய பலன் கிட்டாது. அழுத்தம் கூடினால், டிரெய்லர் இல்லாத நாட்களில் வண்டி சற்று முரடாகக் குலுங்குகிறது. இழுவையைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாதவருக்கு அதே அளவிலான எல்டி டயரே போதும். அரை அங்குலமும் பனிச்சேற்றுக்கு ஏற்ற, ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் மேற்பரப்பும் எனக்குத் தேவைப்பட்டன.

35-தான் வேண்டும் என்பவர் முன்பின் ஆக்சில்கள் இரண்டிலும் கியரை மாற்றி, 3.55-க்குப் பதில் 3.73 அல்லது அதற்கும் மேல் போட்டுக்கொண்டால் என் முதல் ஆட்சேபம் ஏறக்குறைய விலகிவிடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூலியோடு அது இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். வண்டியை உயர்த்தும் கிட், டிரெய்லரைச் சமமட்டத்தில் வைக்கத் தாழ்வான கொக்கி, அடியில் பெரும்பாலும் நுழையாத உபரி டயருக்கு வேறொரு இடம் ஆகியவற்றின் செலவு தனி.