எஸ்டீமில் டர்போ, நாலு வருஷம்: படுத்தியது பெட்ரோல்தான்

என்னுடையது பழைய மாருதி எஸ்டீம் எம்பிஎஃப்ஐ, 1298 சிசி, கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற சின்ன டர்போ ஒன்றை வைத்து 0.4 பார் பூஸ்ட்டில், அதாவது அவ்வளவு கூடுதல் காற்றழுத்தத்தில், ஓட்டி நாலு வருஷம் ஆகிறது, கோவை செட்டிப்பாளையத்து கரி ரேஸ் டிராக்குக்கு மட்டும்தான், ரோட்டுக்கு இல்லை. காற்றை உள்ளே தள்ளுவது பெரிய வேலையே இல்லைங்க. அதற்கு ஈடாகப் பெட்ரோல் ஊற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வருஷம் கம்பெனி வைத்த இன்ஜெக்டரையே (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுவது) வைத்துக்கொண்டு, பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் பிரஷரைப் பல மடங்கு ஏற்றுகிற ரெகுலேட்டர் ஒன்றை மாட்டினேன். காசு மிச்சம் என்ற ஆசைதான். பிரஷரை இரண்டு மடங்காக்கினாலும் பெட்ரோல் கூடுவது 41 சதவீதம்தான், அதற்குள் பம்ப்புக்கு மூச்சு வாங்கும். மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 5200 ஆர்பிஎம் வரை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுகிற வைட்பேண்ட் மீட்டரில் 11.8 நிற்கும், அப்புறம் பெட்ரோல் பத்தாமல் 12.5, 13.2 என்று ஓடும். உடனே காலை எடுத்துவிட வேண்டும், பிடிவாதமாக மிதித்தால் பிஸ்டன் காலி.

சரி என்று நிமிஷத்துக்கு 240 சிசி பெட்ரோல் ஊற்றுகிற இன்ஜெக்டர், பூஸ்ட்டுக்குச் சமமாக மட்டும் ஏறுகிற ரெகுலேட்டர், 3 பார் அடிப்படைப் பிரஷர் என்று மாற்றியும் அதே கதை. ரெண்டு வாரம் ட்யூனை, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டரில் வைக்கிற கணக்கை, நோண்டினோம். கடைசியில் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தால் 11.1 வோல்ட், பேட்டரியிலோ 13.9! இருபது வருஷத்து ஒயர். தடிமனான புது ஒயரை ஃபியூஸ், ரிலேயோடு பேட்டரியிலிருந்து நேராக இழுத்ததும் மீட்டர் 11.7-ஐ விட்டு அசையவில்லை. பூஸ்ட் மீட்டர் வாங்குவதற்கு முன்னால் பெட்ரோல் பிரஷர் மீட்டரை வாங்கியிருந்தால் அந்த ரெண்டு வாரம் மிச்சம்.

6000 ஆர்பிஎம்மில், இன்ஜின் ரெண்டு தடவை சுற்றி முடிக்கிற ஒரு முழுச் சுழற்சியில் இன்ஜெக்டருக்குக் கிடைப்பதே 20 மில்லிசெகண்ட். அதில் 16.4 திறந்திருந்தது, அதாவது 82 சதவீதம். 85-ஐத் தாண்ட நான் விடுவதில்லை, அதற்கு மேல் ஒழுங்காக மூடித் திறக்க அதற்கு நேரம் பத்தாது. நிம்மதியாக இருந்தபோது பங்கில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்தது. எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு நாலு சதவீதம்போல அதிகம் ஊற்ற வேண்டும். ட்யூனைத் தொடாமல் ஓட்டிப் பார்த்ததில் மீட்டர் 12.2-க்கு நகர்ந்துவிட்டது, சரிசெய்தால் இன்ஜெக்டர் 86-இல் நிற்கிறது.

இப்போதைக்குப் பூஸ்ட்டை 0.3-க்கு இறக்கி வைத்திருக்கிறேன். 330 சிசி செட் வாங்கி அலமாரியில் கிடக்கிறது. மாட்டினால் ஐடிலில் முரண்டு பிடிக்கும், அதோடு மல்லுக்கட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.